பாளை சந்துக்குள் ஒரு வாடகை சைக்கிள் கடை, அது ஊருக்குச் செய்யும் நல்லது

பாளையங்கோட்டையில் வாடகை சைக்கிள் இன்னும் கிடைக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு: கிடைக்கிறது, அதுவும் நல்ல வண்டியாகக் கிடைக்கிறது. தெற்கு பஜாரில் இருந்து பிரியும் ஒரு சந்துக்குள் கடை. பெயர்ப்பலகை கிடையாது. கயிற்றில் தொங்கும் பழைய டயர்களும், பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியும், வரிசையாகச் சாத்தி வைத்திருக்கும் கறுப்பு சைக்கிள்களும்தான் அடையாளம். பஜாரில் யாரிடமாவது சைக்கிள் கடை அண்ணாச்சி என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள். மணிக்கு 10 ரூபாய், காலையில் எடுத்து சாயங்காலம் விட்டால் 50 ரூபாய், மாத வாடகையும் உண்டு. முதல் தடவை ஆதார் நகல் ஒன்று கேட்பார், அப்புறம் முகம் பழகிவிட்டால் நோட்டில் பெயர் எழுதுவதோடு சரி.

நான் ஸ்ரீவைகுண்டத்தில் இருந்து பஸ்ஸில் வந்து பாளையில் இறங்குகிறவன். வேலை கொக்கிரகுளம் பக்கம் என்றாலும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. ஹைகிரவுண்டு, சமாதானபுரம், வண்ணார்பேட்டை, சில நாள் திருநெல்வேலி ஜங்ஷன் என்று சுற்ற வேண்டியிருக்கும். பேசாமல் பைக்கிலேயே போய்வர வேண்டியதுதானே என்று வீட்டில் சொல்வார்கள். வெயிலில் அவ்வளவு தூரம் ஓட்டி வந்து, ஊருக்குள் சுற்றி, பொழுது சாய்ந்த பிறகு திரும்ப அவ்வளவு தூரம் ஓட்டினால் உடம்புக்கும் கட்டாது, பெட்ரோல் காசுக்கும் கட்டாது. பஸ்ஸும் சைக்கிளும் சேர்ந்தால்தான் எனக்கு ஒத்துவருகிறது.

முதலில் வண்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் பழைய மாடல் இரும்பு வண்டிகள். கேரியர், மட்கார்டு, செயின் கவர், மணி எல்லாம் ஒழுங்காக இருக்கும். பின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதியிருக்கும். கியர் வண்டி ஒன்றுகூடக் கிடையாது, நம் ஊர் ரோட்டுக்கு அது தேவையும் இல்லை. பிரேக் பிடிக்கும். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாடகை வண்டி என்றாலே பிரேக் கட்டை தேய்ந்து, செயின் தொங்கி, பெடலில் ரப்பர் இல்லாமல்தான் வரும் என்று எல்லோரும் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். இங்கே எந்த வண்டி திரும்பி வந்தாலும் அண்ணாச்சி பின்பக்கத்தைத் தூக்கி சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். கரகர என்று சத்தம் வந்தால் அந்த வண்டி அன்றைக்கு வெளியே போகாது. பால்ரஸ் தேய்ந்திருக்கிறதா, கிரீஸ் காய்ந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் மறுபடி வரிசைக்கு வரும்.

ஒரு நாள் அவர் கோட்டம் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தை மெல்லச் சுற்றிவிட்டு, ஒரு சாக்பீஸ் துண்டை ரிம்முக்கு ஒரு நூல் தள்ளி அசையாமல் பிடித்துக்கொள்கிறார். ரிம் எந்த இடத்தில் வெளியே தள்ளியிருக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுகிறது. உடனே சக்கரத்தை நிறுத்தி, கோடு விழுந்த இடத்துக் கம்பியைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு முறுக்கி, கோட்டை விரலால் அழித்துவிட்டு மறுபடி சுற்றுகிறார். கோடு விழுவது நிற்கிற வரைக்கும் இதே வேலைதான். "இங்கன பாருங்க தம்பி, ரிம்மு நல்லாத்தான் இருக்கு, நாலு கம்பி தளர்ந்து போச்சு, அவ்வளவுதான். இதுக்குப் போயி புது வீலு வாங்கச் சொல்லுதானுவ" என்றார். அந்த வண்டி அவர் கைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம்.

என்னைப் பொறுத்தவரை சுற்றுச்சூழல் என்கிற பேச்சு இந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும். சைக்கிள் புகை விடாது, அதனால் சுத்தம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் சைக்கிளும் ஓர் ஆலையில்தான் செய்யப்படுகிறது. இரும்புத் தாதுவை நிலக்கரி வைத்து உருக்கி ஒரு டன் எஃகு எடுக்க, ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. இந்த மாதிரி கனமான வண்டி ஒன்று 20 கிலோ என்று வைத்தால், எஃகுக்கு மட்டுமே 40 கிலோ. டயர், டியூப், பெயிண்ட், லாரியில் வந்த செலவு எல்லாம் அதற்கு மேல். ஆகவே வாங்கிப்போட்டு மாடிப்படிக்குக் கீழே துருப்பிடிக்கிற சைக்கிளால் காற்றுக்கு நஷ்டம்தான். ஒரே வண்டியைக் காலையில் ஒரு காலேஜ் பையன், மதியம் ஒரு கொத்தனார், சாயங்காலம் என்னைப் போல ஒருவன் என்று மாற்றி மாற்றி இருபது வருஷம் ஓட்டினால் அந்த 40 கிலோ எங்கே போனது என்றே தெரியாது. பகிர்ந்து ஓட்டுவதில் இருக்கிற முதல் லாபம் இதுதான், ஆனால் இதைச் சொல்கிறவர்கள் குறைவு.

அடுத்தது பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதானே என்று சிலர் சந்தேகப்படுவார்கள். பெட்ரோலில் உள்ள கரி எரியும்போது காற்றில் இருக்கிற ஆக்ஸிஜனையும் சேர்த்துக்கொள்கிறது, அதனால் எடை கூடுகிறது. நம் ஊர் நெரிசலில் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிலோமீட்டருக்கு 50 கிராம் ஆகிறது. பாளையில் இருந்து ஜங்ஷன் போய்த் திரும்பினால் 8 கிலோமீட்டர் போல வரும், 400 கிராம் மிச்சம். மேலே சொன்ன, எஃகு செய்தபோது வந்த 40 கிலோ கரியமில வாயுக் கடனை அடைக்க, பைக்கில் போக இருந்த 800 கிலோமீட்டரை அந்த சைக்கிளில் போனால் போதும். கடை வண்டி ஒன்று சில மாதத்தில் இதைத் தாண்டிவிடும்.

ஆனால் கரியமில வாயுவை விட நமக்கு உடனே மூக்கில் ஏறுவது மற்ற புகை. 2020 ஏப்ரல் முதல் விற்கிற பைக்கெல்லாம் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்தவை என்று சொல்கிறோம், உண்மைதான், முன்னை விட மிகவும் சுத்தம். அந்தச் சுத்தத்தில் பெரும்பங்கு சைலன்சருக்குள் இருந்து நச்சுப் புகையை மாற்றிவிடுகிற வினையூக்கி செய்கிற வேலை, அது நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். காலையில் வண்டியை எடுத்து பால் வாங்க ஒரு கிலோமீட்டர், பிள்ளையை டியூஷனில் விட ஒன்றரை கிலோமீட்டர் என்று போகும்போது, அது சூடேறுகிற நேரத்துக்குள் பாதி வழி முடிந்துவிடுகிறது. கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் அதிகம் அழுக்குப் புகை விடுவது இந்தக் குட்டி குட்டிப் பயணங்கள்தான், சைக்கிளால் சுலபமாக ஈடுகட்ட முடிந்ததும் இவைதான். குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது ஒரு தடவை நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் அடைத்து நிற்கும், பாதிப்பேர் இன்ஜினை அணைப்பதே இல்லை, ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் அந்தப் புகைக்குள்தான் நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்து பத்து பைக் குறைந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்குப் பலன் அன்றைக்கே கிடைக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. திருச்செந்தூரில் இருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஒரு மழைக்கு இதுதான் காரணம் என்று நான் கை காட்டவில்லை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது அறிவியல், அந்த ஈரம் கீழே இறங்கும்போது எங்கள் மாதிரி ஆற்றோரத்து ஊர்களின் தலையில்தான் இறங்கும். தண்ணீர் வடிந்த பிறகு பைக்குகளெல்லாம் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து மெக்கானிக் கடை வாசலில் வரிசை கட்டி நின்றபோது, சேறு கழுவி கிரீஸ் மாற்றிய சைக்கிள்களில்தான் அரிசியும் தண்ணீர் கேனும் தெருவுக்குள் வந்தன. எனக்கு சைக்கிள் மேல் இவ்வளவு அக்கறை வந்ததற்கு அந்த வாரமும் ஒரு காரணம்.

சரி, கடைக்கு வருகிறேன். இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நோட்டு. நீள வாக்கில் கோடு போட்ட கணக்கு நோட்டு; வண்டி நம்பர், பெயர், எடுத்த நேரம், விட்ட நேரம், கடைசியாக எங்கே போகிறார் என்று ஒரு கட்டம். "எங்க போறிய?" என்று கேட்டு அதையும் எழுதிவிடுவார். வண்டி காணாமல் போனால் தேடுவதற்காக எழுதுகிற பழக்கம்தான், ஆனால் புரட்டிப் பார்த்தால் ஊரின் போக்குவரத்தே அதில் கிடக்கிறது. ஹைகிரவுண்டு, ஹைகிரவுண்டு, மார்க்கெட், சேவியர் காலேஜ், ஹைகிரவுண்டு, கலெக்டர் ஆபீஸ், சமாதானபுரம், மறுபடி ஹைகிரவுண்டு. ஹைகிரவுண்டு என்றால் அரசு மருத்துவமனை. தென்மாவட்டத்தின் எங்கெங்கோ மூலையில் இருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்து, கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்கள் நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். வள்ளியூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவரைக் கடையில் பார்த்தேன், அப்பாவைச் சேர்த்திருக்கிறார். சாப்பாடு வாங்க, வெளியே மருந்து வாங்க, ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க என்று ஒவ்வொன்றுக்கும் ஆட்டோ பிடித்து, "கையில இருந்த காசு ஆட்டோவுக்கே போயிட்டு அண்ணாச்சி" என்றார். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் இந்தக் கடையைச் சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பி சைக்கிள் எடுத்த நாளில் இருந்து அத்தனை ஆட்டோ சவாரியும் ரோட்டில் இருந்து குறைந்தது, காற்றுக்கும் லாபம், அவருக்கும் லாபம்.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சைக்கிளில் ஏறுகிறவர் எதில் இருந்து இறங்கி வருகிறார் என்பதில்தான் லாபமே இருக்கிறது. நடந்து போக இருந்தவர் சைக்கிள் எடுத்தால் அவருக்கு நேரம் மிச்சம், காற்றுக்கு ஒன்றும் இல்லை. டவுன் பஸ்ஸில் போக இருந்தவர் எடுத்தாலும் அப்படித்தான், அந்த பஸ் எப்படியும் ஓடத்தான் போகிறது. லண்டனில் 2010ல், ஊரெங்கும் ஸ்டாண்டு வைத்து யாரும் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற பொது சைக்கிள் திட்டம் பெரிதாகத் தொடங்கினார்கள். இரண்டு வருஷம் கழித்து ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தால், காரை விட்டுவிட்டு சைக்கிளுக்கு மாறிய பயணம் நூற்றுக்கு இரண்டுதான். காலியான ஸ்டாண்டுக்கும் நிரம்பி வழிகிற ஸ்டாண்டுக்கும் இடையே சைக்கிள்களை ஏற்றி இறக்குகிற வேன்கள் ஓடிய தூரம், மிச்சமான கார் ஓட்டத்தை விட அதிகம் என்று தெரிந்தது. அதே ஆய்வில் மெல்போர்ன், பிரிஸ்பேன் ஊர்களில் ஐந்தில் ஒரு பயணம் காரில் இருந்து வந்தது, அங்கே காற்றுக்கு லாபம் கிடைத்தது. ஆகவே ஆயிரம் சைக்கிள் இறக்கிவிட்டோம் என்று போர்டு வைப்பதால் மட்டும் காற்று சுத்தமாகிவிடாது.

பாளையின் சந்துக் கடை இதில் எப்படி நிற்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். வேன் கிடையாது, ஏற்றி இறக்குகிற வேலையே இல்லை, எடுத்தவரே திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். எடுக்கிறவர்களில் நான் பேசிப் பார்த்தவரைக்கும் பெரும்பாலானவர்கள் ஆட்டோவுக்கோ, யாரிடமாவது கடன் கேட்டு வாங்குகிற பைக்குக்கோ பதிலாகத்தான் எடுக்கிறார்கள். வாடகை கம்மி என்பதால் நாலைந்து இடம் போகிற அலைச்சல் உள்ளவர்கள்தான் வருகிறார்கள், சும்மா சுற்ற வருகிறவர்கள் குறைவு. அந்த வகையில் பெரிய ஊர்த் திட்டங்கள் பலவற்றை விட இந்தக் கடை காற்றுக்குச் செய்கிற நல்லது, ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால், அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பகிர்ந்து ஓட்டுவது ஒன்றும் புதிதாக வந்த விஷயம் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் 1965ல் சில இளைஞர்கள் சைக்கிள்களுக்கு வெள்ளை அடித்து, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பூட்டாமல் தெருவில் விட்டார்கள்; பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடக்கூடாது என்று போலீஸ் எடுத்துப் போய்விட்டது. பாரிஸில் 2007ல் ஸ்டாண்டு வைத்து, கார்டு போட்டு எடுக்கிற முறை பெரிய அளவில் வந்தது. சீனாவில் அதற்குப் பிறகு நடந்ததுதான் மனதைக் கஷ்டப்படுத்துகிறது. செல்போனில் திறக்கிற சைக்கிளை ஒன்றோடொன்று போட்டி போட்டு லட்சக்கணக்கில் இறக்கிய கம்பெனிகள் 2017, 2018 வாக்கில் தடுமாறி விழுந்தபோது, ஊருக்கு வெளியே மைதானம் மைதானமாக சைக்கிளைக் குவித்துப் போட்டார்கள். அதில் ஒவ்வொன்றும் இரும்பும் அலுமினியமும் உருக்கிச் செய்த வண்டி, பழுது பார்க்க ஆள் இல்லாததால் குப்பையாகப் போனது. கோட்டம் எடுக்கத் தெரிந்த ஒரு ஆளுக்கு அந்தக் குவியலைப் பார்த்தால் வயிறு எரியும்.

நமக்குப் பக்கத்தில் நல்ல உதாரணம் மைசூர். 2017ல் 450 சைக்கிள், 48 ஸ்டாண்டு என்று 'ட்ரின் ட்ரின்' என்ற பெயரில் தொடங்கினார்கள். ஒரு ஸ்டாண்டில் எடுத்து இன்னொன்றில் விடலாம். நம் கடையில் இல்லாத வசதி அதுதான், இந்தக் கடையின் முதல் குறையும் அதுதான். பாளையில் எடுத்த வண்டியைப் பாளையிலேயே விட வேண்டும். ஜங்ஷனில் ரயில் பிடிக்கப் போகிறவருக்கு இது உதவாது. ஜங்ஷனிலும் டவுன் ரதவீதிப் பக்கமும் இதே மாதிரி ஒரு கடையோ ஸ்டாண்டோ இருந்து, மூன்றுக்கும் பொதுவாக வண்டி போய்வந்தால் எவ்வளவோ பேர் பைக்கை வீட்டிலேயே விடுவார்கள். 2017ல் நெல்லை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது, ஜங்ஷன் பெரியார் பேருந்து நிலையம் புதிதாக எழும்பியது. அந்த மாதிரி இடத்தில் இருபது சைக்கிள் நிறுத்துகிற அளவு நிழல் ஒதுக்கி, இவரைப் போன்ற கடைக்காரர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தால் மாநகராட்சிக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

மற்ற குறைகளையும் சொல்கிறேன். லேடீஸ் சைக்கிள் மிகவும் குறைவு, அதுவும் காலையிலேயே காலேஜ் பிள்ளைகள் எடுத்துப் போய்விடுகிறார்கள். தாமதமாக வருகிற பெண்கள் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிள், படிப்பு முடிந்ததும் எத்தனையோ வீடுகளில் சும்மா கிடக்கிறது, அதில் பாதி லேடீஸ் வண்டிதான். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் பழைய இரும்புக்குப் போடாமல் இந்த மாதிரிக் கடையில் கொடுங்கள், ஓவராயில் பண்ணி, அதாவது முழுக்கப் பிரித்துச் சரி செய்து, ஓட வைத்துவிடுவார். அடுத்து, விளக்கு கிடையாது. டைனமோ இருந்த வண்டிகளில் கூட அது கழன்றுவிட்டது. இருட்டினால் மெயின் ரோட்டில் ஓட்டுவது ஆபத்து, குறைந்தபட்சம் பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டராவது எல்லா வண்டியிலும் ஒட்ட வேண்டும், அவரிடம் சொல்லியிருக்கிறேன். பூட்டு சில வண்டிகளில் இறுக்கமாக இருக்கும், எடுக்கும்போதே திறந்து பூட்டிப் பார்த்துவிடுங்கள்.

ரோட்டின் குறையைக் கடை மேல் போட முடியாது என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொக்கிரகுளத்தில் இருந்து ஜங்ஷன் போகிற வழியில் தாமிரபரணி மேல் நிற்கிற சுலோசன முதலியார் பாலம் 1843ல் திறந்தது, மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய காலத்துப் பாலம். இன்றைக்கு அதில் பஸ்ஸும் பைக்கும் உரசிக்கொண்டு போகும்போது சைக்கிள்காரன் ஓரத்து மணலில் சறுக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பாலத்தில் ஏறினால் ஆற்றுக் காற்று நன்றாக வரும், ஆனால் அதை அனுபவிக்கிற நிலையில் யாரும் இல்லை. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வீசுகிற காற்றில் டவுன் பக்கம் மிதிப்பது இன்னும் கஷ்டம், மண் கண்ணில் அடிக்கும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வந்துவிடும். சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு மேல் நீண்ட தூரம் எடுக்க வேண்டாம் என்று நானே சொல்வேன், காலையிலும் நாலு மணிக்கு மேலும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மரத்தடிச் சாலைகளில் வெயில் நேரத்திலும் ஓட்ட முடிகிறது, மரத்தை வெட்டிய சாலைகளில் முடியவில்லை, இதை சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் சொல்வார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கடை காலை ஏழு மணிக்குத் திறக்கும், இரவு எட்டுக்கு அடைப்பு, ஞாயிறு மதியத்தோடு சரி. எட்டரைக்கு மேல் போனால் நல்ல வண்டிகள் போயிருக்கும். உயரம் குறைந்தவர்கள் சொன்னால் சீட்டை இறக்கித் தருவார். சில்லறையாகக் கொண்டு போங்கள், செல்போனில் அனுப்பினாலும் வாங்கிக்கொள்வார். வழியில் பஞ்சர் ஆனால் பக்கத்துக் கடையில் ஒட்டிவிட்டு வந்து சொன்னால் வாடகையில் கழித்துக்கொள்வார், எனக்கு அப்படிக் கழித்திருக்கிறார். வெயிலில் நிறுத்தினால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. "வெயில்ல போட்டுராதிய, டியூபு வெடிச்சிரும்" என்று எல்லோரிடமும் சொல்லித்தான் சாவியைக் கொடுப்பார். கலெக்டர் ஆபீஸ் போகிறவர்கள் உள்ளே மர நிழல் பார்த்து நிறுத்துங்கள். ஆஸ்பத்திரிக்கு நாலைந்து நாளைக்கு வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நாள் வாடகையில் இருந்து குறைத்துத்தான் வாங்குகிறார்.